மல்லிகை அத்தர் யாருக்குப் பொருந்தும்?

திருப்பூருக்கு வடக்கே உள்ள சத்தியமங்கலம் மல்லிகைக்குப் பெயர் பெற்றது. ஒரு டன் பூவிலிருந்து சில கிலோ மெழுகுச் சாறுதான் கிடைக்கும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் பூவைச் செப்புப் பானையில் காய்ச்சி, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது பழைய முறை. ஆகவே மிக மலிவான குப்பிகளில் பெரும்பாலும் செயற்கை மணமே இருக்கும்.

நறுமணப் பொருளைக் கொடுத்தால் நபி (ஸல்) அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அமைதியும் பாசமும் நிறைந்த சுபாவத்துக்கு மல்லிகை ஏற்றது என்பார்கள். கணவன், மனைவி ஒருவருக்கொருவர் வாங்கித் தர நல்ல அன்பளிப்பு. பெண்கள் வீட்டோடு பூசிக்கொள்வது பேணுதல். இஹ்ராமில் இருப்பவர்கள் பூசக்கூடாது. வெள்ளைப் பனியனில் எண்ணெய்க் கறை படியும் என்பதால் மணிக்கட்டில் ஒரு துளி தடவினால் போதும்.