பிறக்காதவருக்கு ஒரு சிலை!

ஹனிமூனோ, அறுபதாம் கல்யாணமோ... ஜோடியாக இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோம், ஃப்ளாரன்ஸ் எல்லாம் முடித்துவிட்டு, நேப்பிள்ஸுக்குத் தெற்கே அமால்ஃபி கடற்கரையில் வந்து இளைப்பாறுவார்கள். மலைச்சரிவெங்கும் எலுமிச்சைத் தோட்டங்கள், கீழே நீலக்கடல். அந்தச் சின்ன ஊரின் துறைமுகத்துக்கு எதிரே, கையில் திசைகாட்டியோடு ஒரு சிலை. பெயர் ஃப்ளேவியோ ஜோயா. திசைகாட்டியைக் கண்டுபிடித்தவராம்!

ஒரே ஒரு சிக்கல். அப்படி ஒருத்தர் பிறக்கவே இல்லை என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள் பலர்!

நடந்தது இதுதான். அமால்ஃபிக்காரர்களையும் காந்த ஊசியையும் பற்றி 15-ம் நூற்றாண்டில் எழுதியவர், வரலாற்றாசிரியர் ஃப்ளேவியோ பியாண்டோ. 1511-ல் ஒரு லத்தீன் அறிஞர் அந்தச் செய்தியை, 'ஃப்ளேவியோ சொன்னது' என்று எடுத்து எழுதினார். படித்தவர்கள் ஒரு கமாவைக் கோட்டை விட்டார்கள். சொன்னவரே கண்டுபிடித்தவராகிவிட்டார்! நிஜத்தில், சீனாவின் ஷென் குவோ 11-ம் நூற்றாண்டிலேயே காந்த ஊசியைப் பற்றி எழுதியாயிற்று.

அப்போ அமால்ஃபிக்குப் பெருமையே கிடையாதா? இருக்கிறது! கான்ஸ்டான்டிநோபிள், எகிப்து என்று வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த கடல் குடியரசு அது. அங்குள்ள கதீட்ரலின் வெண்கலக் கதவுகளே 11-ம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் செய்யப்பட்டு வந்தவைதான். 1135-லும் 1137-லும் பைசா நகரத்துப் படைகள் சூறையாடின. 1343 நவம்பரில் பொங்கிவந்த கடல், ஊரின் கீழ்ப்பகுதியையும் துறைமுகத்தையும் விழுங்கியது.

அங்கே போனால் சிலை முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்படியே திரும்பி, ஒரு நிமிஷம் கடலையும் பாருங்கள். நிஜமாகவே கப்பல் ஓட்டிய ஆயிரமாயிரம் பேருக்கு அங்கே சிலையும் இல்லை... பெயரும் இல்லை!