ஏழை படும் பாடு: மஞ்சட் சீட்டும் தோட்டத் துண்டும்

விக்ரர் ஹியூகோவின் 'லே மிசராப்ள்' நாவல் 1862ஆம் ஆண்டில் வெளிவந்தது. சகோதரியின் பிள்ளைகளது பசி தீர்க்க ரொட்டி திருடிய ஜீன் வல்ஜீன், தப்பியோட முயன்ற குற்றமும் சேர, 19 ஆண்டுகள் சிறைப்படுகின்றான். விடுதலையாகும் அவன் கையில் மஞ்சள் நிறச் சீட்டொன்று கொடுக்கப்படுகின்றது. அதனைக் கண்ட இடமெல்லாம் கதவடைக்கின்றது. தண்டனை முடிந்தும் சீட்டு முடியவில்லை என்பதே இக்கதையின் அடிநாதம் எனலாம்.

பிரான்சிலே இந்நாவல் பன்முறை திரைவடிவம் பெற்றது. அவற்றுள் ரேமண்ட் பெர்னார்ட் 1934இல் மூன்று பாகங்களாக நெறிப்படுத்திய படமும், ஜீன் காபின் நடிக்க 1958இல் வெளிவந்த படமும் குறிப்பிடத்தக்கன. இவ்விரண்டிற்கும் இடையே, 1950இல், கோயம்புத்தூர்ப் பட்சிராஜா நிறுவனம் கே. ராம்நாத்தின் நெறியாள்கையில் 'ஏழை படும் பாடு' என்னும் படத்தை வெளியிட்டது. சுத்தானந்த பாரதியார் நாவலைத் தமிழாக்கியபோது இட்ட பெயரே படத்துக்கும் அமைந்தது. நாகையா ஏற்ற நாயகன் கந்தன் எனத் தமிழ்ப்பெயர் பெற்றான். அவனைத் துரத்தும் காவலதிகாரியோ ஜாவர் என்ற அயற்பெயருடனேயே நின்றார். அப்பாத்திரத்தை ஏற்ற சீதாராமன் வாழ்நாள் முழுவதும் 'ஜாவர்' சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார். துன்புறுவோன் நம்மவன், துரத்தும் சட்டமோ அந்நியம். இப்பெயரமைப்பு இவ்வாறு பொருள்கொள்ள இடந்தருகின்றது.

இதே காலத்து இலங்கை மலைநாட்டு வரலாற்றை இதனோடு ஒப்புநோக்குதல் தகும். ஹியூகோவின் நாவல் வெளிவந்து ஐந்து ஆண்டுகளின் பின், 1867இல், ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறிய மலைநாட்டுத் தோட்டங்களில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் கங்காணியிடம் கடன்பட்டே உழைத்தனர். ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றுக்குச் செல்லத் 'துண்டு' வேண்டும். கடன் தீர்த்தால் விடுவிக்கலாம் என்பதே அத்துண்டின் வாசகம். 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்தும் தாளின் ஆட்சி ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குடியுரிமை கோரியோர், தாம் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்தமையைச் சான்றுகளால் நிறுவவேண்டியிருந்தது. பிறப்புப் பதிவுதானும் அரிதாயிருந்த லயன்களில் இது எளிதன்று. கந்தன் வெள்ளித்திரையில் ஓடி ஒளிந்த 1950இல் தோட்டத் தொழிலாளி விண்ணப்பத்தாளுடன் நின்றான். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமோ எஞ்சியோரை இரு நாடுகளுக்கிடையே எண்களாகப் பங்கிட்டது.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு. வல்ஜீன் திருடினான், தோட்டத் தொழிலாளி எக்குற்றமும் இழைத்தவனல்லன். வல்ஜீனை மீட்டது மதகுரு ஒருவரின் மன்னிப்பு. அவர் ஈந்த வெள்ளி விளக்குத் தண்டுகளே அவன் வாழ்வைத் திருப்பின. தொழிலாளிக்கு வேண்டியிருந்தது மன்னிப்பன்று, உரிமை. எஞ்சிய நாடற்றோருக்கு அவ்வுரிமையைச் சட்டம் முழுமையாக வழங்கியது 2003ஆம் ஆண்டிலேயே. கருணை ஓர் இரவிற் கிட்டலாம். நீதிக்கு அவர்கள் 55 ஆண்டுகள் காத்திருந்தனர்.