ஷையான் மொழி

வட அமெரிக்கப் பழங்குடிகளின் அல்கோங்கியன் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. மொண்டானா, ஓக்லஹோமா மாநிலங்களில் வழங்குகிறது. சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்களே. ஓக்லஹோமாவில் நிலைமை இன்னும் மோசம். உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட பிள்ளைகள், பின்னாளில் பெற்றோரானபோது பலரும் தம் மக்களிடம் ஆங்கிலமே பேசினர். மொழிக்கு நேர்ந்த பேரிழப்பு இதுதான்; வீட்டுப் பேச்சு நின்றுபோனதை வகுப்பறையால் எளிதில் ஈடுசெய்ய முடியவில்லை. சொல்லின் இறுதி உயிரொலி குரலற்று வெறும் மூச்சாக ஒலிப்பது இம்மொழியின் தனியழகு. வினைச்சொல் ஒன்றே முழு வாக்கியமாகவும் நிற்கும். 14 எழுத்துகளில் எழுதுகிறார்கள். மென்னோனைட் சமயப் பணியாளர் ருடால்ஃப் பெட்டரின் அகராதி 1915இல் வெளியானது. மொண்டானாவின் லேம் டியர் ஊரிலுள்ள சீஃப் டல் நைஃப் கல்லூரி இம்மொழியைக் கற்பிக்கிறது. சிறுவர்களுக்கு ஷையான் மொழியிலேயே பழகும் முகாம்களையும் நடத்தியுள்ளது.