திறப்பு வளையக் கவசம்

திறப்பு வளையக் கவசம் என்பது, அலுமினியப் பானக் கலன்களின் (டின்களின்) மூடியில் உள்ள திறப்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்யப்படும் ஒப்பனை உடையாகும். இடைக்கால ஐரோப்பியப் போர்வீரர்கள் அணிந்த சங்கிலிக் கவசத்தை ஒத்த தோற்றத்தை இது தருகிறது. நாடகம், மாறுவேட நிகழ்வு முதலியவற்றுக்காக இது செய்யப்படுகிறது. தோற்றத்தில் கவசம் போல இருந்தாலும், வெட்டையோ அடியையோ தாங்கும் வலிமை இதற்கு இல்லை.

சங்கிலிக் கவசத்துடன் ஒப்பீடு

சங்கிலிக் கவசம் சிறு இரும்பு வளையங்களால் ஆனது. கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் கெல்ட்டியர் இதனைப் பயன்படுத்தினர். பின்னர் உரோமானியரும் ஏற்றுக்கொண்டனர். ஐரோப்பாவில் பரவலாக இருந்த பின்னலில் ஒவ்வொரு வளையமும் வேறு நான்கு வளையங்களுடன் இணைந்திருக்கும். வளையத்தின் இரு முனைகளும் தறையாணியால் (ரிவெட்டால்) பிணைக்கப்பட்டதால், இழுவிசைக்கு அது எளிதில் விரியாது.

திறப்பு வளையக் கவசத்திலும் ஒரு வளையம் நான்கு வளையங்களுடன் இணைகிறது. ஆனால் வெட்டப்பட்ட இடம் வளைத்து மூடப்படுகிறதே அன்றி, பிணைக்கப்படுவதில்லை. எனவே அவ்விடமே இக்கவசத்தின் வலுக்குறைந்த பகுதியாகும். வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், பார்வைக்கு இது மீன் செதில் போன்ற தகடுகளால் ஆன செதிற் கவசத்தையே பெரிதும் ஒத்திருக்கிறது.

எடையிலும் பெரும் வேறுபாடு உண்டு. ஒரு வளையம் 16 மி.மீ. அகலமும், கோத்தபின் வெளித்தெரியும் பகுதி 12 மி.மீ. உயரமும் உடையது எனக் கொண்டால், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ 5,200 வளையங்கள் வேண்டும். வளையம் ஒன்றின் எடை 0.3 கிராம் எனில், மொத்த எடை ஒன்றரைக் கிலோகிராம் அளவே. இரும்பாலான சங்கிலிச் சட்டை 10 கிலோகிராம் அளவு எடை கொண்டது.

திறப்பு வளையத்தின் வரலாறு

இழுத்துத் திறக்கும் மூடியை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தைச் சேர்ந்த எர்மல் பிரேசு உருவாக்கினார். அக்கால வளையம் கலனிலிருந்து முழுதாகக் கழன்று வரும். கழற்றி எறியப்பட்ட வளையங்கள் கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் குப்பையாகச் சேர்ந்து, வெறுங்காலுடன் நடப்போரைக் காயப்படுத்தின. அவற்றைச் சங்கிலியாகக் கோப்பதும் அக்காலத்தில் பொழுதுபோக்காக இருந்தது.

1975இல் ரெனால்ட்சு மெட்டல்சு நிறுவனத்தின் டானியல் கட்சிக், திறந்த பின்னும் கலனிலேயே தங்கும் வளையத்தை வடிவமைத்தார். இன்று கவசத்துக்குப் பயன்படுவது பெரும்பாலும் இவ்வகையே. கழலாதபடி செய்யப்பட்ட ஒன்றைக் கழற்றியே இக்கைவினை தொடங்குகிறது.

செய்முறை

1. வளையத்தை முன்னும் பின்னும் அசைத்து மூடியிலிருந்து பிரித்தல்.
2. வளையங்களைச் சவர்க்கார நீரில் கழுவி, சர்க்கரைப் பிசுக்கை நீக்கி உலர்த்துதல்.
3. தறையாணி இருந்த துளையில் எஞ்சிய நாக்கு போன்ற தகட்டை நீக்குதல். இதனால் ஒவ்வொரு வளையத்திலும் இரு துளைகள் கிடைக்கும்.
4. வெட்டுக்குறட்டால் (கட்டிங் பிளேயரால்) பெரிய துளையின் வெளி விளிம்பை நடுவில் வெட்டி, சற்று விரித்தல்.
5. வெட்டிய விளிம்பின் இடப் பாதியை மேல்வரிசையில் இடப்புறம் உள்ள வளையத்தின் கீழ்த்துளையிலும், வலப் பாதியை அடுத்த வளையத்தின் கீழ்த்துளையிலும் மாட்டி, குறட்டால் அழுத்தி மூடுதல்.

அலுமினியத்தைப் பலமுறை வளைத்தால் அது கடினமாகி உடைந்துவிடும். வளையம் மூடியிலிருந்து பிரிவதும் இதே பண்பினால்தான். ஆகவே விளிம்பை ஒருமுறை மட்டுமே விரித்து மூடுவது நல்லது. வெட்டுமுனைகள் கூர்மையானவை, அவற்றை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்க வேண்டும். கவசத்தின் உள்ளே தடித்த துணியாலான சட்டை அணிவது தோலைக் காக்கும்.

பிற முறைகள்

வளையங்களை வெட்டாமல், சிறு கம்பி வளையங்களாலோ நாடாவாலோ இணைப்பதும் உண்டு. பிரேசிலில் நூற்பின்னல் (குரோசா) முறையில் இவற்றை இணைத்துக் கைப்பைகள் செய்கின்றனர். திரைப்படங்களிலும் கவசத்துக்கு மாற்றுப் பொருட்கள் பயன்பட்டுள்ளன. 1975இல் வெளிவந்த "மான்டி பைத்தான் அண்ட் த ஹோலி கிரெயில்" படத்தில் உலோக நிறம் பூசிய கம்பளிப் பின்னலும், "த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்" (2001–2003) படங்களில் நெகிழி வளையங்களும் பயன்பட்டன.

மறுசுழற்சி

வளையத்தை உருக்காமல் அப்படியே பயன்படுத்துவதால், இக்கைவினையை மறுசுழற்சி என்பதைவிட மறுபயன்பாடு என்பதே பொருந்தும். கலனின் உலோகத்தில் பெரும்பகுதி உடலிலும் மூடியிலுமே உள்ளது. பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்த, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்குத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே செலவாகும். எனவே வளையம் நீக்கிய கலனையும் மறுசுழற்சிக்கு அளிக்காவிடில் சுற்றுச்சூழலுக்குக் கிடைக்கும் பயன் மிகச் சிறிதே.

வளையங்களைச் சேர்த்துக் கொடுத்தால் சிறுநீரக நோயாளிக்குக் குருதித் தூய்மிப்பு (டயாலிசிசு) இலவசமாகக் கிடைக்கும் என்ற செய்தி அமெரிக்காவில் நெடுங்காலமாகப் பரவியது. இது உண்மையன்று என அந்நாட்டின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை தெளிவுபடுத்தியுள்ளது. எனினும் சில தொண்டு அமைப்புகள் வளையங்களைத் திரட்டி, உலோக விலைக்கு விற்று நிதி சேர்க்கின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- சங்கிலிக் கவசம்
- செதிற் கவசம்
- அலுமினியம்
- மறுசுழற்சி