இளைஞர் குழுக்களும் வட்டாரக் கூட்டமைப்பும் – ஒரு வரலாற்றுப் பார்வை

 

நம் வட்டாரத்து ஜமாஅத்துகளை ஒரே கூட்டமைப்பின் கீழ் இணைப்பது பற்றிய பேச்சு நடந்து வருவதைத் தாங்கள் அறிவீர்கள். இப்பேச்சுக்கு வித்திட்டது 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நம் மாவட்டத்தை மூழ்கடித்த பெருமழையாகும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் நம் மாவட்டத்தில் பெய்யும் சராசரி மழையைக் காட்டிலும் இது அதிகம். தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் வெளியுலகத் தொடர்பை இழந்தன. செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசலில் வீடிழந்த இந்துக் குடும்பங்கள் நாள்கணக்கில் தங்கி உண்டு உறங்கியதை நாடே வியந்து பேசியது.

அந்நாள்களில் முன்னின்றவர்கள் யார்? நிர்வாகக் குழுக்கள் கூடி முடிவெடுப்பதற்கு முன்பே இளைஞர்கள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். இரத்ததானக் குழுவினர், பந்து விளையாடும் பிள்ளைகள், வள்ளம் ஓட்டத் தெரிந்தவர்கள், ஜனாஸா வேலைகளைக் கற்றவர்கள், கணினி தெரிந்தவர்கள் என்று ஒவ்வொரு குழுவும் தனக்குத் தெரிந்த வழியில் உழைத்தது. ஆனால் ஒரு குழு செய்வது மற்றொரு குழுவுக்குத் தெரியவில்லை. ஒரு தெருவுக்கு மூன்று முறை சோற்று அண்டா சென்றது. இரண்டு தெரு தள்ளிக் கைக்குழந்தைக்குப் பால்மாவு கிடைக்கவில்லை. குறை இளைஞர்களுடையது அன்று. அவர்களை இணைக்க வட்டார அளவில் ஓர் அமைப்பு இல்லாததே குறை.

ஆகவே கூட்டமைப்பு வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதில் இக்குழுக்களை எவ்வாறு சேர்ப்பது என்பதில்தான் கருத்துகள் பலவாக இருக்கின்றன. எல்லாக் குழுக்களையும் கலைத்து “இளைஞர் அணி” என்று ஒன்றை ஏற்படுத்திவிடலாம் என்பது ஒரு கருத்து. அவர்கள் தனித்தனியே இருக்கட்டும், தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டிலும் அடியேனுக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்பதை வரலாற்றிலிருந்தே காட்ட விழைகின்றேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நுபுவ்வத் கிடைப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மக்காவில் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் என்பவரின் இல்லத்தில் குறைஷியரின் சில கிளையார் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூரார் ஆயினும் வெளியூரார் ஆயினும் அவருக்குத் துணை நிற்பது என்பதே அதன் சாரம். “ஹில்ஃபுல் ஃபுளூல்” என்று ஸீரா நூல்கள் கூறும் அவ்வொப்பந்தத்தில் அண்ணலாரும் கலந்துகொண்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது இருபது அளவில்தான் இருந்தது. குலத் தலைவர்கள் கூடிய அவையில் ஓர் இளைஞருக்கும் இடம் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அவ்வொப்பந்தத்தை அண்ணலார் பெருமையோடு நினைவுகூர்ந்ததும் பதிவாகியிருக்கின்றது.

ஹிஜ்ரி 11-இல் உஸாமா பின் ஜைத் (ரலி) அவர்கள் படைத்தலைவராக நியமிக்கப்பட்டபோது அவர்களுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை என்பர். மூத்த ஸஹாபாக்கள் அப்படையில் இருந்தார்கள். இத்தனை இளையவரா தலைவர் என்று சிலர் முணுமுணுத்தபோது அண்ணலார் அதனைக் கண்டித்தார்கள். அண்ணலாரின் மறைவுக்குப் பின் அப்படையை வழியனுப்பச் சென்ற கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், உமர் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தம்முடன் விட்டுச் செல்லுமாறு உஸாமாவிடம் அனுமதி கேட்டார்கள். கலீஃபா நினைத்திருந்தால் ஆணையிட்டிருக்கலாம்; ஆயினும் அனுமதி கேட்டார்கள். நம் சங்கங்களில் இந்நிகழ்ச்சியைப் பயானில் சொல்வோர் உண்டு. விதிமுறையில் எழுதியவரை அடியேன் கண்டதில்லை.

இவை முன்மாதிரிகள். ஒரு வட்டார அமைப்பு இளைஞர் பிரிவுகளைப் பல்லாண்டுகள் நடத்திப் பார்த்த அனுபவத்தை அறிய நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. மலைக்கு அப்பால் கேரளத்தில் அது கிடைக்கும்.

“சமஸ்த கேரள ஜம்இய்யத்துல் உலமா” 1926 ஜூன் 26-ஆம் நாள் கோழிக்கோடு நகர மண்டபத்தில் தோன்றியது. வரக்கல் முல்லக்கோயா தங்கள் அதன் முதல் தலைவர். 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் அச்சமுதாயம் நொறுங்கிக் கிடந்த காலம் அது. நாற்பது உலமாக்கள் கொண்ட முஷாவராவே அதன் உயிர்நிலை. கால் நூற்றாண்டு வரை அது பெரும்பாலும் உலமாக்களின் அவையாகவே இயங்கிற்று. 1951-இல் வடகரை மாநாட்டையொட்டி மதரஸாக் கல்விக்கென்று தனி வாரியம் அமைந்தது. ஒரே பாடநூல், ஒரே தேர்வு, ஒரே மேற்பார்வை என்ற அம்முறை இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மதரஸாக்களில் பரவியுள்ளது. நம் பக்கத்தில் ஒவ்வொரு மக்தபும் ஒவ்வொரு பாடநூலை வைத்திருப்பதைப் பார்க்கும்போது பெருமூச்சுதான் வருகின்றது. அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

1954-இல் இளைஞர்களுக்கென்று எஸ்.ஒய்.எஸ். எனப்படும் சுன்னி யுவஜன சங்கம் தோன்றியது. 1973-இல் மாணவர்களுக்கென்று எஸ்.எஸ்.எஃப். வந்தது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. சமஸ்த தன் இளைஞர்களை ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. மதரஸா ஆசிரியருக்கு ஓர் அமைப்பு, மாணவருக்கு ஓர் அமைப்பு, ஊர் இளைஞருக்கு ஓர் அமைப்பு, பிற்காலத்தில் மதரஸாச் சிறுவர்களுக்கும் “பால வேதி” என்று ஓர் அமைப்பு. ஒவ்வொன்றுக்கும் தன் வேலை, தன் நிர்வாகம், தன் மாநாடு. இதனால்தான் ஒரு மூலையிலுள்ள சிற்றூரில்கூட அவ்வமைப்பின் ஆள் இருந்தார்.

ஆனால் அதே வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. 1989-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எஸ்.ஒய்.எஸ். எர்ணாகுளத்தில் மாநில மாநாடு ஒன்றை நடத்தியது. அதனை நடத்துவது பற்றி முஷாவராவுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த வேறுபாடு அத்துடன் வெளிப்பட்டது. இ.கே. அபூபக்கர் முஸ்லியார் ஒருபுறமும் காந்தபுரம் ஏ.பி. அபூபக்கர் முஸ்லியார் மறுபுறமுமாகச் சபை இரண்டாயிற்று. எஸ்.எஸ்.எஃப். காந்தபுரம் அணியோடு நின்றது. மறு அணியார் அதே ஆண்டு எஸ்.கே.எஸ்.எஸ்.எஃப். என்ற புதிய மாணவர் அமைப்பைக் கண்டார்கள். அன்றுமுதல் ஒவ்வொன்றும் இரண்டாயிற்று.

எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. இரு தரப்பிலும் மாபெரும் ஆலிம்கள் இருந்தார்கள். பிளவுக்கு அரசியல் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஒன்றை மட்டும் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக மாநாட்டுப் பந்தல் போட்டும், நிதி திரட்டியும், ஊர் ஊராக நடந்தும் உழைத்த இளைஞர் அமைப்பு, முடிவெடுக்கும் அவையில் உறுப்பு வகிக்கவில்லை. ஃபத்வா கூறும் அவையில் ஆலிம்கள் மட்டும் இருப்பது முற்றிலும் சரியே. ஆனால் மாநாடு எப்போது, எங்கே, எவ்வளவு செலவில் என்பது ஃபத்வாவுக்குரிய மஸ்அலா அன்று. அத்தகைய செய்திகளைப் பேசுவதற்கு முதியோரும் இளையோரும் ஒன்றாக அமரும் ஓர் இடம் வேண்டும். அது இல்லாவிடில், மூத்தோர் பிணங்கும்போது இளைஞர் அமைப்பு அவர்களை இணைக்கும் கயிறாக இருப்பதில்லை. இரு புறமும் பிடித்து இழுக்கும் கயிறாகிவிடுகின்றது.

பிளவுக்குப் பின்பும் அங்குள்ள இளைஞர்கள் சோர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்.கே.எஸ்.எஸ்.எஃப். தனக்குள்ளேயே கல்வி வழிகாட்டலுக்கு “டிரெண்ட்”, தஅவாவுக்கு “இபாத்”, பேரிடர்த் தொண்டுக்கு “விகாயா” என்று திறன்வாரியாகப் பிரிவுகளை வகுத்துக்கொண்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் விகாயா தொண்டர்கள் சேறு படிந்த வீடுகளைக் கழுவிக் கொடுத்தார்கள். முன்பே பயிற்சி பெற்றிருந்ததால் அவர்களுக்கு வேலை எளிதாயிற்று.

இனி நம் மாவட்டத்துக்கே வருவோம். காயல்பட்டினம் நாற்பதாயிரம் மக்கள் வாழும் ஊர். அவ்வூரில் ஏறத்தாழத் தெருவுக்கொரு சங்கம் என்று சொல்லலாம். ஐக்கிய விளையாட்டுச் சங்கம் நடத்தும் மௌலானா அபுல்கலாம் ஆஸாத் நினைவு அகில இந்தியக் கால்பந்துப் போட்டியை அறியாதவர் நம்மில் எவர்? பொருள் தேடி வெளிநாடு சென்ற இளைஞர்களோ சென்ற இடமெல்லாம் காயல் நல மன்றங்களை ஏற்படுத்தினார்கள். ஹாங்காங், சிங்கப்பூர், துபை, ரியாத், ஜித்தா, நம் நாட்டிலேயே பெங்களூரு என்று அவை பெருகின. பெருகியபோது நாம் வெள்ளத்தில் கண்ட சிக்கல் கல்வியில் அங்கே எழ வாய்ப்பிருந்தது. ஒரே மாணவர் நான்கு மன்றங்களிடம் உதவி கேட்டு மனுச் செய்வார். கூச்சமுள்ள மாணவர் ஒன்றிடமும் கேட்கமாட்டார்.

இம்மன்றங்களின் கல்விக் கூட்டமைப்பாக “இக்ராஃ கல்விச் சங்கம்” உருவானது. எந்த மன்றமும் கலைக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் தன் பெயரோடும் தன் கணக்கோடும் இருந்துகொண்டே, கல்வி உதவித்தொகை என்ற ஒரு வேலையை மட்டும் பொதுவில் ஒப்படைத்தது. அதன் தலைமைப் பொறுப்பு மன்றங்களிடையே சுழற்சி முறையில் செல்கின்றது. அதிகம் பணம் தரும் மன்றத்துக்கே நாற்காலி என்று விதி இருந்திருந்தால் மற்ற மன்றங்களுக்கு அதில் என்ன பற்று இருந்திருக்கும்? இந்தச் சுழற்சி முறைதான் அவ்வமைப்பின் பலம் என்பது அடியேனின் கணிப்பு.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்னும் நினைவில் வைத்திருக்கக்கூடும். தூத்துக்குடியில் கடைசியாக 1955 முதல் 1961 வரை சலாபம் நடந்தது. அதற்குமுன் பல நூற்றாண்டுகளாக நம் கடலிலும் மன்னார் வளைகுடாவின் மறுகரையிலும் பரதவர்களோடு கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம்களும் குளித்தார்கள். குளிப்பவர் இளைஞர், மூச்சடக்கி ஆழத்தில் சிப்பி பொறுக்குவது முதியவரால் ஆகாத வேலை. மேலே படகில் கயிறு பிடித்திருப்பவர் பெரும்பாலும் அனுபவசாலி. கயிற்றின் அசைவைக் கொண்டே கீழே நடப்பதை அறிந்து உரிய நேரத்தில் இழுப்பார். இவ்விருவரில் ஒருவர் இல்லாவிடினும் முத்து இல்லை. கூலி முறையோ இன்னும் கவனிக்கத்தக்கது. குளித்தவர்களுக்குப் பொதுவாக நாள் சம்பளம் கிடையாது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுடையது; எஞ்சியது அரசுக்கு. கடலும் பாரும் அரசுக்குரியவை என்று சட்டம் சொன்னபோதும், இறங்கியவனுக்குப் பங்கு என்பதை ஆட்சியாளர்கள் மாற்றத் துணியவில்லை. பங்கு இல்லையென்றால் எவரும் இறங்கமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் கூட்டமைப்பின் விதிமுறை வரைவை அடியேன் படித்தேன். ஒவ்வொரு ஜமாஅத்துக்கும் இரண்டு பிரதிநிதிகள் என்றிருக்கின்றது, நன்று. இளைஞர்களைப் பற்றி ஒரே ஒரு விதிதான் உள்ளது. அவர்கள் “இளைஞர் அணி”யாக இயங்குவார்கள் என்றும், கூட்டங்களில் “ஆலோசனை கூறலாம்” என்றும் அது சொல்கின்றது. இரத்தம் கொடுப்பவரையும், வள்ளம் ஓட்டுபவரையும், அரசு உதவித்தொகைக்குக் கணினியில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவரையும் ஒரே அணியில் சேர்த்தால், அதன் பொறுப்பாளர் யார் என்ற போட்டியிலேயே ஆண்டு கழிந்துவிடும். செவிலியர் படிப்புப் படிக்கும் நம் பெண் பிள்ளைகளுக்கு அந்த அணியில் இடமே இராது. வெள்ள முகாம்களில் பெண்களின் தேவையை அறிந்து செய்தவர்கள் அவர்கள்தாம்.

எனவே ஓர் ஆண்டுக்குக் குறையாமல் இயங்கிவரும் குழு ஒவ்வொன்றும் தன் பெயரிலேயே கூட்டமைப்பில் பதிவு செய்துகொள்ளவும், தன் துறை பற்றிய தீர்மானங்களில் அதன் பிரதிநிதி வாக்களிக்கவும், பேரிடர்க் காலத்தில் அத்துறையின் பொறுப்பை அக்குழுவே ஏற்கவும் வழி செய்யும் மூன்று திருத்தங்களை எழுதிச் செயலாளர் அவர்களிடம் கொடுத்துள்ளேன். மார்க்கச் சட்டம் பற்றிய கேள்விகள் உலமாக் குழுவுக்கே உரியவை என்பதும் அதில் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. ரமலானுக்கு முன் கூடவிருக்கும் பொதுக்குழுவில் அவை வாக்கெடுப்புக்கு வரும். ஜமாஅத்தார்கள் தவறாது வருகை தர வேண்டுகின்றேன். வரும்போது வீட்டிலுள்ள இளைஞர்களையும் உடன் அழைத்து வாருங்கள்.