மறுபொதிவு: நிகழ்படக் கொள்கலன்களின் வரலாறு

மறுபொதிவு என்பது ஒரு நிகழ்படக் கோப்பிலுள்ள படம், ஒலி, வசன வரிகள் ஆகியவற்றை மீண்டும் சுருக்காமல், உள்ளது உள்ளபடியே எடுத்து வேறு வகைக் கோப்பு ஒன்றில் அடுக்கி வைக்கும் முறையாகும். கணினித் துறையில் இது ரீமக்ஸ் என வழங்கப்படுகிறது. டிவிடி, புளூ-ரே வட்டுகளிலிருந்து எடுத்த நிகழ்படங்களைக் கணினியில் சேமிக்கும் தேவையால் இம்முறை பரவியது. கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை மட்டும் மாற்றுவது மறுபொதிவு ஆகாது. அவ்வாறு செய்தால் பெயர் மாறுமே தவிர, கோப்பின் அமைப்பு மாறாது.

கொள்கலனும் குறிமுறையும்

நிகழ்படக் கோப்பு ஒன்றில் இரண்டு அடுக்குகள் உள்ளன. படத்தையும் ஒலியையும் சுருக்கி எண்களாக்கும் முறை முதல் அடுக்கு. இது கோடெக் எனப்படும். எம்பெக்-2, எச்.264 ஆகியவை படத்துக்கான கோடெக்குகள். ஏசி-3, டிடிஎஸ் ஆகியவை ஒலிக்கானவை. சுருக்கப்பட்ட இத்தாரைகளை ஒன்றாகக் கோத்து, எந்தப் படத்துடன் எந்த ஒலி வரவேண்டும் என்ற நேரக் குறிப்புடன் வைத்திருப்பது இரண்டாம் அடுக்கு. இதுவே கொள்கலன். ஏவிஐ, எம்பி4, எம்கேவி, விஓபி ஆகியவை கொள்கலன்களின் பெயர்கள்.

அரிசியை மூட்டையிலிருந்து டப்பாவுக்கு மாற்றினால் அரிசி மாறுவதில்லை. மறுபொதிவும் அத்தகையதே. மீள்குறியாக்கம் அப்படிப்பட்டதன்று. சுருக்கிய படத்தை விரித்து மறுபடியும் சுருக்கும்போது நுண்விவரங்கள் சில உதிர்கின்றன. நகலை நகலெடுத்தால் எழுத்து மங்குவதைப் போன்றது இது. ஒருமுறை உதிர்ந்த விவரத்தைப் பின்னர் எந்த மென்பொருளாலும் அப்படியே மீட்க முடியாது.

தொடக்கக் கொள்கலன்கள்

ஆப்பிள் நிறுவனம் 1991-இல் குவிக்டைம் வடிவத்தையும், மைக்ரோசாப்ட் நிறுவனம் 1992-இல் ஏவிஐ வடிவத்தையும் வெளியிட்டன. இவை இரண்டும் கணினித் திரையில் சிறிய படங்களை ஓட்டுவதற்காகப் பிறந்தவை. பின்னர் குவிக்டைமின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு எம்பி4 கொள்கலன் உருவானது. அது 2003-இல் எம்பெக்-4 தரத்தின் 14-ஆம் பகுதியாக வெளிவந்தது.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டு, விஓபி என்னும் கோப்புகளில் வைக்கப்பட்டது. ஒவ்வொரு கோப்பும் 1 கிகாபைட் அளவைத் தாண்டாதபடி வெட்டப்பட்டதால், ஒரே திரைப்படம் ஐந்தாறு கோப்புகளாகப் பிரிந்து கிடக்கும். வட்டின் ஒரு பிரிவு 2,048 பைட்டுகளைக் கொண்டது. விஓபி கோப்பின் பொட்டலங்களும் அதே அளவில் அமைக்கப்பட்டன. வட்டைச் சுழற்றிப் படிக்கும் கருவிக்கு இது ஏற்ற அமைப்பு. கணினியில் சேமித்துப் பார்ப்பவருக்கு வசதியானதன்று.

2006-இல் வந்த புளூ-ரே வேறு வழியைக் கையாண்டது. தொலைக்காட்சி ஒளிபரப்பில் பயன்படும் 188 பைட்டுப் பொட்டலத்துடன் 4 பைட்டு நேரக்குறிப்பைச் சேர்த்து, 192 பைட்டுப் பொட்டலங்களாக அது படத்தை வைத்தது. ஓர் அடுக்கில் 25 கிகாபைட் வரை அந்த வட்டு கொள்ளும்.

மீள்குறியாக்கம் கோலோச்சிய காலம்

2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வன்தட்டு இடம் விலை மிக்கதாக இருந்தது. எனவே டிவிடிப் படத்தை டிவ்எக்ஸ், எக்ஸ்விட் முதலிய கோடெக்குகளால் மீண்டும் சுருக்கி, 700 மெகாபைட் குறுந்தகடு ஒன்றில் அடக்குவது வழக்கமாயிற்று. இரண்டு மணி நேரப் படத்தை 700 மெகாபைட்டில் அடக்கினால் நொடிக்குச் சுமார் 0.8 மெகாபிட் மட்டுமே கிடைக்கும். அதே படம் டிவிடியில் 7 கிகாபைட் இடத்தைப் பிடித்திருந்தால் நொடிக்குச் சுமார் 8 மெகாபிட் இருந்திருக்கும். புதிய கோடெக்கின் திறன் கூடுதல் என்றாலும், பத்து மடங்குக் குறைவை அதனால் முழுமையாக ஈடுசெய்ய இயலவில்லை. இருண்ட காட்சிகளில் கட்டங்கள் தெரிந்தன. வேகமான காட்சிகள் கலங்கின. ஒரு படத்தைச் சுருக்கக் கணினி பல மணி நேரம் ஓடவேண்டியிருந்தது.

அந்நாளில் பெரிதும் பயன்பட்ட ஏவிஐ கொள்கலனும் இடர் தந்தது. பல மொழி வசன வரிகளையும் இயல் பகுப்புகளையும் உள்ளே வைக்க அதில் முறையான ஏற்பாடு இல்லை. வசன வரிகள் தனிக் கோப்பாகவே சுற்றிவந்தன.

மட்ரோஸ்காவின் வருகை

இக்குறையைப் போக்க 2002 டிசம்பரில் மட்ரோஸ்கா திட்டம் அறிவிக்கப்பட்டது. எம்சிஎஃப் என்ற முந்தைய முயற்சியிலிருந்து பிரிந்த இத்திட்டத்தை ஸ்டீவ் லோம் முதலியோர் முன்னெடுத்தனர். ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பொம்மையின் பெயரிலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது. இதன் கோப்புகள் எம்கேவி என்று முடியும். எத்தனை ஒலித்தடங்களும் வசன வரித்தடங்களும் இருந்தாலும் ஒரே கோப்பில் ஏற்பது இதன் சிறப்பு. மோரிட்ஸ் பங்கஸ் உருவாக்கிய எம்கேவிடூல்நிக்ஸ் மென்பொருளும், பாப்ரிஸ் பெல்லார் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் மென்பொருளும் மறுபொதிவை எவரும் செய்யக்கூடியதாக்கின. வன்தட்டு மலிவானதும், படத்தை மீண்டும் சுருக்கவேண்டிய கட்டாயம் தளர்ந்தது.

செயல்படும் விதம்

மறுபொதிவு மூன்று படிகளில் நடைபெறுகிறது. முதலில் பழைய கொள்கலனிலிருந்து தாரைகள் பிரிக்கப்படுகின்றன. அடுத்து நேரக்குறிப்புகள் புதிய கொள்கலனின் அளவுக்கு மாற்றப்படுகின்றன. எம்பெக் தாரையில் ஒரு நொடி 90,000 பகுதிகளாக எண்ணப்படும். மட்ரோஸ்காவில் வழக்கமாக 1,000 பகுதிகளாக எண்ணப்படும். இறுதியில் தாரைகள் மீண்டும் கோக்கப்பட்டு, விரும்பிய காட்சிக்குத் தாவுவதற்கான அட்டவணை எழுதப்படுகிறது. இதில் படத்தை விரித்துச் சுருக்கும் வேலையே இல்லாததால், கோப்பைப் படித்து எழுதும் நேரம் மட்டுமே பிடிக்கும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். முன்னும் பின்னும் உள்ள படச்சட்டங்களின் எண் கையொப்பங்களைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், உள்ளடக்கம் மாறவில்லை என்பதை உறுதிசெய்யலாம்.

மறுபொதிவின் எல்லைகள்

படமும் ஒலியும் மாறாவிட்டாலும், வட்டில் உள்ள அனைத்தும் புதிய கோப்புக்கு வந்துவிடுவதில்லை. டிவிடியின் பட்டியல் திரைகளும், அவற்றில் அமைந்த தேர்வு வழிகளும் பொதுவாக விடுபடுகின்றன. டிவிடி வசன வரிகள் எழுத்தாக அல்லாமல் சிறு படங்களாக உள்ளவை. எம்கேவி அவற்றை ஏற்கும். எம்பி4 கோப்பில் வைத்தால் பெரும்பாலான கருவிகள் காட்டா. பழைய எம்பெக்-2 படத்தைப் புதிய பெட்டியில் வைத்துவிட்டாலும், அந்தக் கோடெக் தெரியாத கைப்பேசி அதை ஓட்டாது. அந்நிலையில் மீள்குறியாக்கம் தவிர வேறு வழியில்லை.

சட்டநிலை

விற்பனைக்கு வரும் திரைப்பட டிவிடிகளில் பெரும்பாலானவை சிஎஸ்எஸ் என்னும் 40-பிட் பூட்டால் காக்கப்பட்டவை. 1999-இல் டிசிஎஸ்எஸ் என்ற நிரல் அப்பூட்டைத் திறந்தது. அது தொடர்பாக நார்வே இளைஞர் யோன் லெக் யோஹான்சன் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2003 ஜனவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலையே உறுதியானது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பூட்டைத் திறப்பதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. இந்தியாவில் 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பாதுகாப்பு ஏற்பாட்டைத் தகர்ப்பதை இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டச் சிக்கல் பூட்டைத் திறப்பதிலும், பிறர் படைப்பை உரிமையின்றிப் பரப்புவதிலும் எழுகிறதே அன்றி, மறுபொதிவு என்ற தொழில்நுட்பத்தில் அன்று.

ஆவணப் பாதுகாப்பில் பங்கு

குடும்பத் திருமணங்கள், பள்ளி விழாக்கள், கோயில் குடமுழுக்குகள் எனத் தமிழகத்தில் பல நிகழ்ச்சிகள் வீட்டு டிவிடிகளில் பதிவாகியுள்ளன. இவற்றில் பொதுவாகப் பூட்டு இருப்பதில்லை. பதிவு செய்யும் வட்டுகளில் உள்ள சாயப்பூச்சு வெப்பத்தாலும் ஒளியாலும் சிதையக்கூடியது. வட்டைப் படிக்கும் கருவி இல்லாத மடிக்கணினிகளும் இப்போது பெருகிவிட்டன. வட்டு படிக்கும் நிலையில் இருக்கும்போதே அதிலுள்ள கோப்புகள் அனைத்தையும் வன்தட்டில் படியெடுத்து, பின்னர் எம்கேவிக்கு மறுபொதிவு செய்வது தரம் குன்றாத வழியாகும். கைப்பேசியில் பகிரச் சிறிய கோப்பு தேவையானால் அதைத் தனியே உருவாக்கிக்கொள்ளலாம். மூலத்தை அழித்துவிடக் கூடாது.

மட்ரோஸ்கா வடிவம் 2024-இல் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆர்எஃப்சி 9559 ஆவணமாக வெளியிடப்பட்டது. கோப்பின் அமைப்பு பொதுவில் எழுதி வைக்கப்பட்டிருப்பதால், இன்றைய மென்பொருள்கள் வழக்கொழிந்தாலும் அதைப் படிக்கும் கருவியைப் பிற்காலத்தவர் புதிதாக எழுதிக்கொள்ள முடியும்.