எலும்பு விழுங்கியும் அதன் இளைய உறவும்

டயகமவின் தேயிலை மலைகளில் பெருநாரையைத் தேடிப் பயனில்லை. ஆனால் அம்மலைகளைத் தழுவி இறங்கும் ஆக்ரா ஓயாவின் நீர் மகாவலியோடு சேர்ந்து எட்டும் தாழ்நிலத்திலே, சதுப்புகளிலும் குளக்கரைகளிலும், வழுக்கைத் தலையுடன் தனித்து நிற்கும் சிறு பெருநாரையைக் காணலாம்.

இதன் மூத்த உறவான பெரிய பெருநாரை நம் தீவின் பறவையன்று. ஏறத்தாழ 5 அடி உயரம். கழுத்தில் தொங்கும் பை. சிறியதற்கு அப்பை கிடையாது. 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் குப்பையையும் பிணத்தையும் தின்று தெருக்களைத் துப்புரவு செய்த இப்பறவை, மாநகராட்சியின் சின்னத்திலேயே இடம்பெற்றது. (துப்புரவுத் தொழிலாளருக்கு அம்மரியாதையை எந்த நகரம் தந்தது?) பின்னர் அங்கிருந்து அது மறைந்தே போயிற்று.

அசாமியர் அதை ‘ஹர்கிலா’, அதாவது எலும்பு விழுங்கி, என்றனர். அபசகுனமென்று கூடிருந்த மரங்களையே வெட்டினர். பூர்ணிமா தேவி பர்மன் கிராமப் பெண்களைத் திரட்டிக் கூடுகளைக் காத்தார், 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் விருது பெற்றார். 2023இல் செம்பட்டியல் அவ்வினத்தை ‘அருகிவரும்’ நிலையிலிருந்து ‘அச்சுறுத்தலை அண்மித்த’ நிலைக்கு மாற்றியது.

சிறியதற்கு இத்தகைய படை நம்மிடம் இல்லை. குப்பையை அது அதிகம் நாடுவதுமில்லை. மீனும் தவளையும் உள்ள ஆழமற்ற நீரும், கூடு கட்ட உயர்ந்த மரமும் வேண்டும். யால, வில்பத்து தேசியப் பூங்காக்களுக்கு வெளியே அவ்விரண்டும் ஒருங்கே கிடைப்பது அரிதாகி வருகிறது.